வீட்டோடு தங்கும் உழைப்பு: குடும்பக் கணக்கில் எழுதப்படாத பாதி

வீட்டோடு தங்கி வேலை செய்ய ஓர் ஆள் வைக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் நகர்ப்புறக் குடும்பங்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே: மாதம் எவ்வளவு? சென்னையில் இக்கேள்விக்கான விடை பெரும்பாலும் பக்கத்து வீட்டிலிருந்தோ, ஆள் அனுப்பும் ஏஜென்சியிடமிருந்தோ கிடைக்கிறது. ஒரு தொகை சொல்லப்படும். 'சாப்பாடும் தங்குமிடமும் இலவசம்' என்ற வாக்கியமும் அதனுடன் ஒட்டிக்கொண்டு வரும். அத்துடன் கணக்கு முடிந்துவிடுகிறது.

அந்தக் கணக்கை நாம் மீண்டும் போட்டுப் பார்க்க விரும்புகிறோம். வீட்டு வேலைத் தொழிலாளர் உரிமை பற்றிய பேச்சு பெரும்பாலும் வன்முறை நிகழ்ந்த பிறகே தொடங்குகிறது. 2024 ஜனவரியில், சென்னையில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் மகனும் மருமகளும் தங்கள் வீட்டில் தங்கி வேலை செய்த தலித் இளம்பெண்ணைக் கொடுமைப்படுத்தினர் என்ற புகாரில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டபோது தமிழ்நாடே அதைப் பேசியது. அந்தப் பேச்சு தேவையானதே. ஆயினும், யாரும் அடிக்காத, யாரும் திட்டாத, 'நல்ல வீடு' என்று பெயர் பெற்ற வீடுகளிலும் ஓர் அநீதி மாதந்தோறும் ஒழுங்காக நடந்துவருகிறது. அது சம்பளக் கணக்கில் நடக்கிறது. அதைப் புரிந்துகொள்ளத் தாளும் பேனாவும் போதும்.

கணக்கில் வராத மணிகள்

வந்துபோய் வேலை செய்யும் தொழிலாளருக்கு வேலை எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்பது தெரியும். கதவைத் தாண்டி வெளியேறினால் அன்றைய வேலை முடிந்தது. வீட்டோடு தங்குபவருக்கு அந்தக் கதவு இல்லை. காலை 6 மணிக்குப் பால் காய்ச்சுவதில் தொடங்கி, இரவு 10 மணிக்குச் சமையலறை மேடையைத் துடைப்பது வரை அவர் கூப்பிடும் தூரத்தில் இருக்கிறார். முதியவர் இருக்கும் வீடானால் நள்ளிரவிலும் எழுந்திருக்க வேண்டும்.

காலை 6 முதல் இரவு 10 வரை 16 மணி நேரம். உணவுக்கும் பகல் ஓய்வுக்கும் 3 மணி நேரத்தைத் தாராளமாகக் கழித்தாலும் 13 மணி நேரம் எஞ்சுகிறது. வார விடுமுறை இல்லையென்றால் 30 நாள்களுக்கு 390 மணி நேரம். சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 31 ரூபாய். வீட்டு வேலைக்குத் தமிழ்நாடு அரசு 2018ஆம் ஆண்டில் குறைந்தபட்ச ஊதியம் அறிவித்தபோது, மணிக்கு 37 முதல் 39 ரூபாய் வரை நிர்ணயித்தது. அதாவது, '12,000 ரூபாயும் சாப்பாடும்' என்று பெருந்தன்மையாகச் சொல்லப்படும் சம்பளம், மணிக்கணக்கில் பிரித்துப் பார்த்தால், 2018இன் அடிமட்டத்தையும் எட்டவில்லை.

இப்போது இதே உழைப்பைத் தொழிற்சட்டங்களின் அளவுகோலால் அளப்போம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காக மணிக்கு 60 ரூபாய் என எடுத்துக்கொள்கிறோம். இது அரசு அறிவித்த தொகை அன்று. எடுத்துக்காட்டுக்காக நாம் வைத்துக்கொண்ட எண். வாசகர்கள் தம் ஊரில் நடப்பிலுள்ள தொகையை இங்கே பொருத்திக்கொள்ளலாம்.

நாளொன்றுக்கு 8 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் அடிப்படை ஊதியம் 12,480 ரூபாய். அந்த 26 நாள்களிலும் கூடுதலாக உழைத்த 5 மணி நேரத்துக்கு இருமடங்கு, அதாவது மணிக்கு 120 ரூபாய் வீதம் 15,600 ரூபாய். கூடுதல் நேரத்துக்கு இருமடங்கு ஊதியம் என்பது இந்தியத் தொழிற்சட்டங்களில் வேரூன்றிய விதி. மறுக்கப்பட்ட 4 வார விடுமுறை நாள்களில் உழைத்த 52 மணி நேரத்துக்கும் அதே வீதத்தில் 6,240 ரூபாய். மொத்தம் 34,320 ரூபாய்.

கையில் கொடுக்கப்பட்டது 12,000. கொடுக்கப்படாதது 22,320. மணிக்கணக்கு எழுதப்படாத வரை இந்த 22,320 ரூபாய் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. வீட்டோடு ஆள் வைப்பது 'கட்டுப்படியாகிறது' என்று சொல்லப்படுவதன் இரகசியம் இதுவே.

சாப்பாடும் தங்குமிடமும் கூலியாகுமா?

இங்கே உடனே ஒரு மறுப்பு எழும். உணவும் இடமும் கொடுக்கிறோமே, அதற்கு மதிப்பில்லையா? நியாயமான கேள்விதான். குறைந்தபட்ச ஊதியம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதிலிருந்தே இதற்கு விடை சொல்ல வேண்டும்.

1957ஆம் ஆண்டு நடைபெற்ற 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, தேவை அடிப்படையிலான குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஓர் இலக்கணம் வகுத்தது. உழைப்பவர் ஒருவரின் ஊதியம் மூன்று நுகர்வு அலகுகளைத் தாங்க வேண்டும். அதாவது உழைப்பவர், அவருடைய துணை, இரு குழந்தைகள். ஒவ்வோர் அலகுக்கும் நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, தனியே வீட்டு வாடகை, அத்துடன் எரிபொருள், விளக்கு முதலியவற்றுக்கு மட்டும் மொத்த ஊதியத்தில் 20 விழுக்காடு. 1991இல் ரெப்டகாஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தைகளின் கல்வி, மருத்துவம், பண்டிகைகள், முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக மேலும் 25 விழுக்காட்டை இதனுடன் சேர்த்தது.

இந்த இலக்கணத்தை வீட்டோடு தங்கும் தொழிலாளருக்குப் பொருத்திப் பார்ப்போம். எசமானர் வீட்டுச் சோறு நிரப்புவது மூன்று அலகுகளில் ஒன்றை மட்டுமே. மற்ற இரண்டு அலகுகள் விழுப்புரத்திலோ, கள்ளக்குறிச்சியிலோ, ஜார்க்கண்டின் ஒரு கிராமத்திலோ அதே பசியுடன் இருக்கின்றன. எசமானர் வீட்டின் மூலையில் அவருக்கு ஒரு பாய் விரிக்கப்பட்டதால் அவருடைய குடும்பத்தின் வாடகை குறைந்துவிடுவதில்லை. பள்ளிக் கட்டணமும் மருந்துச் செலவும் குறைவதில்லை. மாறாக, தாய் வெளியூரில் தங்கிவிட்டதால் குழந்தைகளைப் பாட்டியிடமோ சித்தியிடமோ விட்டுவைக்கும் புதிய செலவும் சேர்கிறது.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை இன்னொரு கேள்வி உண்டு: அது யாருடைய தேவை? காலை 6 மணிக்கும் இரவு 10 மணிக்கும் ஆள் வேண்டும் என்பது குடும்பத்தின் தேவை. இரவுக் காவலரிடம், அவர் உட்கார்ந்திருக்கும் கூண்டுக்கு யாரும் வாடகை கேட்பதில்லை. வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 201ஆம் பரிந்துரை இதைத் தெளிவாகவே சொல்கிறது: வீட்டிலேயே தங்க வேண்டும் என்று வேலை கொடுப்பவர் நிபந்தனை விதித்தால், தொழிலாளரின் ஒப்புதலின்றித் தங்குமிடத்துக்காக ஊதியத்தில் பிடித்தம் செய்யக் கூடாது. அதே பரிந்துரை, காற்றோட்டமும் பூட்டும் உள்ள தனியறை, அந்தப் பூட்டின் சாவி தொழிலாளர் கையில், கழிப்பறை வசதி, நல்ல உணவு ஆகியவற்றையும் வரையறுக்கிறது. சமையலறைத் தரையும் கூடத்தின் ஓரமும் இந்த வரையறைக்குள் வரா.

நேர்மையான ஓர் ஆண்டுக் கணக்கு

அப்படியானால், வீட்டோடு ஆள் வைக்க நினைக்கும் குடும்பம் எவ்வளவு ஒதுக்க வேண்டும்? அதே 60 ரூபாயைக் கொண்டு ஓர் ஆண்டுக்கான பட்டியலை இங்கே தருகிறோம். இதில் வேலை நேரம் 13 மணியிலிருந்து 10 மணியாகக் குறைக்கப்பட்டுள்ளது: காலை 7 முதல் 10 வரை, பகல் 11 முதல் 2 வரை, மாலை 4 முதல் 8 வரை. மற்ற நேரம் அவருடையது. அந்நேரத்தில் அவர் உறங்கலாம், படிக்கலாம், வெளியே போய்வரலாம். வாரம் ஒருநாள் முழு விடுமுறை.

1. அடிப்படை ஊதியம், மாதம் 12,480 வீதம்: 1,49,760 ரூபாய்.
2. நாளொன்றுக்கு 2 மணி கூடுதல் நேரம், இருமடங்கு வீதத்தில், மாதம் 6,240: 74,880 ரூபாய்.
3. பண்டிகை போனஸ், ஒரு மாத அடிப்படை ஊதியம்: 12,480 ரூபாய்.
4. ஊதியத்துடன் 15 நாள் ஆண்டு விடுப்பு. அந்நாள்களில் மாற்று ஆளுக்கான கூலி, நாளுக்கு 480 வீதம்: 7,200 ரூபாய்.
5. ஊருக்குப் போய்வர நான்கு பயணங்கள், தலா 1,000 வீதம்: 4,000 ரூபாய்.
6. மருத்துவச் செலவுக்கான ஒதுக்கீடு: 6,000 ரூபாய்.
7. பணிக்கொடைக்காக ஆண்டுக்கு 15 நாள் ஊதியம்: 7,200 ரூபாய்.
8. வீட்டில் சமைப்பதில் அவருக்கான பங்கு, நாளுக்கு 100 வீதம் 350 நாள்களுக்கு: 35,000 ரூபாய்.

கூட்டினால் 2,96,520 ரூபாய். மாதத்துக்கு 24,710 ரூபாய். தொடக்கத்தில் கட்டில், மெத்தை, மின்விசிறி, பூட்டுள்ள அலமாரி ஆகியவற்றுக்கு 20,000 ரூபாய் தனியே ஒதுக்க வேண்டும். ஏஜென்சிக்குத் தரகு கொடுப்பதாக இருந்தால் அதையும் குடும்பமே ஏற்க வேண்டும். தொழிலாளரின் முதல் மாதச் சம்பளத்தில் அதைக் கழிப்பது முறையன்று.

இப்பட்டியலில் ஆடம்பரமான வரி ஒன்றுகூட இல்லை. போனஸ், ஈட்டிய விடுப்பு, பணிக்கொடை, மருத்துவம் எல்லாம் இந்தக் குடும்பத்தில் சம்பாதிப்பவர் தம் அலுவலகத்தில் உரிமையாகக் கேட்டுப் பெறுபவை. அங்கே உரிமையாக இருப்பது வீட்டு வாசலைத் தாண்டியதும் 'நம்மால் முடிந்த உதவி' ஆகிவிடுகிறது. தீபாவளிக்கு ஒரு புடவை, பழைய துணி மூட்டை, குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்கு எப்போதாவது இரண்டாயிரம். இவற்றைக் கொடுப்பவர் மனநிறைவு அடையலாம். பெறுபவர் நன்றி சொல்ல வேண்டியிருக்கும். ஊதியத்துக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. எசமானர்கள் கொடையை விரும்பி ஊதியத்தைத் தவிர்ப்பதற்கு இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணம்.

எழுதப்படாத பாதியும் சாதியும்

12,000 ரூபாய்க்கும் 24,710 ரூபாய்க்கும் இடையிலுள்ள பணம் காற்றில் மறைந்துவிடவில்லை. யாரோ ஒருவர் அதைச் செலுத்திக்கொண்டிருக்கிறார். தொழிலாளர் தம் உறக்கத்தாலும் முதுகுவலியாலும் செலுத்துகிறார். அவருடைய மகள் பள்ளியைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்துக்கொள்வதன் மூலம் செலுத்துகிறாள். ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வசதிக்கு ஒரு சேரிக் குடும்பம் மானியம் அளிக்கிறது.

இத்தனை பெரிய தொகை கணக்கில் விடுபடுவதை ஏன் யாரும் கவனிப்பதில்லை? வீட்டு வேலையைப் 'பெண்களின் இயல்பான வேலை' என்று கருதுவது ஒரு காரணம். இந்தியாவில் அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. துடைப்பது, கழுவுவது, கழிவை அகற்றுவது ஆகியவை சில பிறப்புகளுக்கு விதிக்கப்பட்ட கடமை என்ற எண்ணம் நம் சமூகத்தின் எலும்புவரை ஊறியிருக்கிறது. கடமைக்கு மணிக்கணக்கு கிடையாது. ஊரில் பண்ணையாள் முறை இருந்தபோதும் கூலி நெல்லாகவும் கஞ்சியாகவும் அளக்கப்பட்டதே தவிர, நேரம் அளக்கப்படவில்லை. 'சாப்பாடு போட்டுச் சம்பளமும் தருகிறோம்' என்ற இன்றைய வாக்கியத்தில் அந்தப் பண்ணை வீட்டின் குரல் கேட்கிறது.

வேலைக்கு எடுக்கும்போதே சாதி கணக்கில் சேர்ந்துவிடுகிறது. 'எந்த ஊர்?' என்ற கேள்விக்குப் பின்னால் 'எந்தத் தெரு?' என்ற கேள்வி வருகிறது. விடையைப் பொறுத்துச் சமையலுக்கா, கழிப்பறைக்கா என்பது முடிவாகிறது. சமைப்பவருக்கு ஒரு தொகை. துடைப்பவருக்கு அதைவிடக் குறைந்த தொகை. ஒரே நேரம், ஒரே களைப்பு, வெவ்வேறு விலை. இதைச் சந்தை 'திறன்' என்று அழைக்கிறது. முதியவரைப் புரட்டிப் படுக்கவைத்து, புண் வராமல் பார்த்து, மலம் அள்ளும் வேலைக்கு எவ்வளவு திறனும் பொறுமையும் தேவை என்பதை அதைச் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள். வேலை கிடைப்பதற்காகத் தம் சாதியை மறைத்து வாழும் பெண்கள் பலர். இரவும் பகலும் ஒரே கூரையின் கீழ் வாழ்பவருக்கு அந்த மறைப்பு ஒரு நாள்கூட ஓய்வில்லாத இன்னொரு வேலை.

தனித் தட்டு, தனி டம்ளர், சோபாவில் அமரத் தடை, தாம் நாள்தோறும் கழுவும் கழிப்பறையைத் தாமே பயன்படுத்தத் தடை, அடுக்குமாடியில் தனி மின்தூக்கி. இவற்றைச் 'சுத்தம்' என்ற சொல்லால் மூடிவிட முடியாது. தீண்டாமையை ஒழிக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தனிமனிதரையும் கட்டுப்படுத்தும். கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் 23ஆம் பிரிவும் அவ்வாறே. 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. துப்பாக்கி முனையில் மட்டுமே கட்டாயம் வரும் என்பதில்லை. பசியும் வறுமையும்கூட ஒருவரைக் கட்டாயப்படுத்தும் என்பது அத்தீர்ப்பின் சாரம். பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவரிடம் கட்டாய உழைப்பு வாங்குவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(h) பிரிவின்படி தனிக் குற்றமும் ஆகும். குடும்பக் கணக்கின் விடுபட்ட வரியை நாம் ஏன் இத்தனை கூர்ந்து பார்க்கிறோம் என்பதற்கு இதுவே காரணம்.

முன்பணம் என்னும் கயிறு

வீட்டோடு தங்கும் வேலையில் இன்னொரு செலவினம் உண்டு. அது முன்பணம். மகளின் திருமணத்துக்கோ கணவரின் அறுவைச் சிகிச்சைக்கோ ஐம்பதாயிரம் முன்கூட்டியே கொடுக்கப்படும். எசமானரின் கணக்கில் அது கடன். தொழிலாளரின் வாழ்வில் அது கதவின் தாழ்ப்பாள். 'கணக்குத் தீரும்வரை போகக் கூடாது' என்ற சொல் பிறந்த கணத்திலேயே, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின் எல்லைக்குள் அந்த வீடு நுழைந்துவிடுகிறது. முன்பணம் கொடுப்பதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. அதை வைத்துப் போகும் உரிமையைப் பறிப்பதே குற்றம். முன்பணம் கொடுத்தால், மாதம் எவ்வளவு கழிக்கப்படும் என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். வேலையை விட்டுப் போனாலும் கடன் கடனாக மட்டுமே இருக்கும், ஆள் பிணையாக இருக்க மாட்டார் என்பதும் அதில் இடம்பெற வேண்டும்.

ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் 'பத்திரமாக' வாங்கி வைத்துக்கொள்வது, கைப்பேசியைப் பகலில் பறித்து வைப்பது, வெளியே போகும்போது கதவைப் பூட்டிச் செல்வது ஆகியவையும் இதே கயிற்றின் இழைகள். ஓய்வு நேரத்தில் வீட்டிலேயே இருக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது, அடையாள ஆவணங்கள் தொழிலாளரிடமே இருக்க வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை வரையறுக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

அந்த உடன்படிக்கை 2011 ஜூன் 16 அன்று நிறைவேறியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால் பின்னேற்பு செய்யவில்லை. தொழில் உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர், குறைந்தபட்ச ஊதிய மசோதாவை 1946ஆம் ஆண்டு மத்திய சட்டமன்றத்தில் அறிமுகப்படுத்தினார். அது 1948இல் சட்டமானது. ஆலைத் தொழிலாளரின் வார வேலை நேரத்தை 54இலிருந்து 48 மணியாகக் குறைத்த திருத்தமும் 1946இல் அவர் பொறுப்பிலிருந்தபோதே வந்தது. ஆலையின் வாசலுக்குள் நுழைந்த அந்த 48 மணி நேரம், இன்றுவரை வீட்டின் வாசலுக்குள் நுழையவில்லை.

தமிழ்நாட்டில் நிலைமை முற்றிலும் வெறுமையானதன்று. வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கென நல வாரியம் 2007இல் அமைக்கப்பட்டது. பதிவு செய்தவர்களுக்குக் கல்வி, திருமணம், மகப்பேறு உதவிகளும், விபத்து, இறப்புக்கான நிவாரணமும், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியமும் உண்டு. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டையும் பணியிடமாக ஏற்கிறது; மாவட்டந்தோறும் உள்ள உள்ளூர்க் குழுவிடம் புகார் அளிக்கலாம். 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆனால் மூடிய கதவுக்குப் பின்னால் 13 மணி நேரம் ஓடுவதை எந்த ஆய்வாளரும் பார்ப்பதில்லை. 2025 ஜனவரி 29 அன்று, அஜய் மாலிக் வழக்கில், வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கான சட்டக் கட்டமைப்பை ஆராயக் குழு அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டதே, இதற்கெனத் தனிச் சட்டம் இல்லாத வெற்றிடத்துக்குச் சான்று.

விதிகள் பெருகினால் மட்டும் நியாயம் வந்துவிடாது என்பதற்குச் சிங்கப்பூர் ஓர் எடுத்துக்காட்டு. இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகளிலிருந்து பெண்கள் வீட்டோடு தங்கும் வேலைக்கு அங்கே செல்கிறார்கள். தமிழ்க் குடும்பங்களும் வேலை கொடுக்கின்றன. அங்கே வரவுசெலவுப் பட்டியல் துல்லியமானது. வேலை கொடுப்பவர் அரசுக்கு மாதம் 300 வெள்ளி தீர்வை செலுத்த வேண்டும். குழந்தையோ முதியவரோ உள்ள குடும்பங்களுக்குச் சலுகையில் 60 வெள்ளி. 5,000 வெள்ளிக்குப் பிணைப்பத்திரம், மருத்துவக் காப்பீடு, விபத்துக் காப்பீடு எல்லாம் கட்டாயம். ஆயினும் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் கிடையாது. அந்நாட்டின் பொதுவான வேலைவாய்ப்புச் சட்டம் வீட்டுப் பணிப்பெண்களுக்குப் பொருந்தாது. வாரம் ஒருநாள் ஓய்வு 2013இல்தான் விதியானது. அதையும் பணம் கொடுத்து வாங்கிவிட முடிந்ததால், மாதத்தில் ஒருநாளையாவது விலைக்கு வாங்கக் கூடாது என்ற விதி 2023இல் வந்தது. நாம் கேட்கும் சட்டம், உழைப்பவரின் நேரத்தையும் ஊதியத்தையும் முதல் வரியாக எழுதும் சட்டமாக இருக்க வேண்டும்.

'அவ்வளவு எங்களால் முடியாது'

24,710 ரூபாய் என்றதும் எழும் இந்த மறுமொழியை நாம் ஏளனம் செய்யவில்லை. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்கள், படுத்த படுக்கையான தாயைப் பார்த்துக்கொள்ள வேறு வழியில்லாத பெண்கள், தனித்து வாழும் முதியவர்கள் ஆகியோரின் நெருக்கடி உண்மையானது. அரசு வேலை பெற்று நகரத்துக்கு வந்துள்ள நம் தலித் குடும்பங்களிலும் இக்கேள்வி எழுகிறது. இன்று கல்லூரியில் படிக்கும் வாசகர்களுக்கு நாளை எழும்.

விடை இதுதான்: பணம் குறைவென்றால் மணிகளைக் குறைக்க வேண்டும், மணிக்கான விலையைக் குறைக்கக் கூடாது. அதே 60 ரூபாய் வீதத்தில், நாளுக்கு 4 மணி நேரம், 26 நாள் வந்துபோகும் ஒருவருக்கு 6,240 ரூபாய். 12,480 ரூபாய்க்கு 8 மணி நேரம் கிடைக்கும். அந்த வரம்புக்குள் எந்த வேலை அவசியம், எது வீட்டாரே செய்துகொள்ளக்கூடியது என்று குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டும். சாப்பிட்ட தட்டைக் கழுவுவதும் தன் உள்ளாடையைத் துவைப்பதும் ஆண்களாலும் ஆகிற காரியங்களே. முதியோர் பராமரிப்பும் குழந்தைகள் காப்பகமும் அரசின் பொறுப்பாக வேண்டும் என்ற கோரிக்கையை நடுத்தரக் குடும்பங்களும் சேர்ந்து எழுப்ப வேண்டும். அந்தப் பொறுப்பு இன்று அரசிடமிருந்து குடும்பத்துக்கும், குடும்பத்திலிருந்து ஒரு தலித் அல்லது பழங்குடிப் பெண்ணின் இரவுக்கும் கைமாற்றப்படுகிறது.

சட்டம் வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியவையும் உண்டு. ஒரே பக்கத்தில் எழுதப்பட்ட ஒப்பந்தம் போதும். வேலை நேரம், ஓய்வு நேரம், வார விடுமுறை, ஊதியம், கூடுதல் நேர வீதம், விடுப்பு, முன்பணம் கழிக்கும் முறை, வேலையிலிருந்து விலக முன்னறிவிப்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி ஒரு படி அவரிடமே தர வேண்டும். ஊதியம் அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். நல வாரியத்தில் பதிவு செய்ய ஒருநாள் விடுப்பும் போக்குவரத்துச் செலவும் கொடுக்க வேண்டும். செயற்பாட்டாளர்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்களிடம் இரு கேள்விகளை எழுப்பலாம்: இங்கே தங்கி வேலை செய்வோருக்கு வார விடுமுறை உண்டா? அவர்கள் எந்தக் கழிப்பறையையும் எந்த மின்தூக்கியையும் பயன்படுத்துகிறார்கள்? மாணவர்கள் தம் தெருவில் தங்கி வேலை செய்பவரின் ஒருநாளை, அவர் ஒப்புதலோடு, மணிவாரியாக எழுதி, மேலே காட்டிய முறையில் கணக்கிட்டு அவரிடமே கொடுக்கலாம். சம்பள உயர்வு கேட்கும்போது அந்தத் தாள் அவருக்குப் பயன்படும்.